கட்டுச்சோறு தீரும் முன்

அந்தக் குளிர்காலம் முழுவதும் சைமி தன் சவுனாவுக்குள் பனியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊரில் சவுனா என்றால் நெருப்பு. கல்லடுப்பு, புகை, ஆவி, வியர்வை. பிள்ளை பிறப்பது அங்கே, செத்தவரைக் குளிப்பாட்டுவதும் அங்கே. அந்த இடத்துக்குள் ஒருத்தி வாளி வாளியாகப் பனியைச் சுமந்துகொண்டு போனால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்தோம். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உள்ளே, பலகைத் தடுப்புக்குப் பின்னால், கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக நிறுத்தியிருந்தாள். ஓடையிலிருந்து மரக்குழாய் வழியாக வரும் தண்ணீர் முதலில் ஒரு தொட்டியில் விழும். அந்தத் தொட்டியில்தான் பனி மிதக்கும். அங்கிருந்து தண்ணீர் ஒவ்வொரு குடுவையின் அடிக்கும் போய், மெல்ல மேலே எழும்பி, விளிம்பில் வழிந்து, கீழே ஒரு நீளத் தொட்டியில் சேர்ந்து, திரும்ப ஓடைக்கே போய்விடும். குடுவைகளுக்குள் சீகா மீனின் முட்டைகள், வெளிறிய மஞ்சள் மணிகளாக, எழும்பி எழும்பி விழுந்துகொண்டே இருக்கும். கொதிக்காத உலையில் பார்லி புரள்வதுபோல.

நடுக்குளிர்காலத்திலேயே ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரும்புள்ளிகள் வந்துவிட்டன. கண்கள். வெளியே ஏரி வெள்ளையாக மூடிக் கிடக்க, இங்கே எண்ண முடியாத கண்கள் தூங்காமலும் விழிக்காமலும் உருண்டுகொண்டிருந்தன. சைமி குடுவைகளைச் சாக்கால் மூடி வைத்திருப்பாள். ஒருமுறை எனக்காகச் சாக்கை விலக்கி விளக்கைக் காட்டினாள். அத்தனையும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. பிறகு பல நாள் எதைப் பார்த்தாலும், ரொட்டிமேல் சோம்பைப் பார்த்தால்கூட, அது திரும்பிப் பார்க்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

பனி எதற்கென்றால், தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு காலம் அவை முட்டைக்குள்ளேயே கிடக்கும். கொஞ்சம் வெதுவெதுப்பு தட்டினாலும் வசந்தம் வந்துவிட்டது என்று நினைத்துக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஏரி திறக்கும்வரை அவை வரக்கூடாது. வந்தால் தின்ன ஒன்றும் இல்லை. ஆகவே சைமி தாலாட்டினாள். மண்வெட்டியால்.

ஏரியில் மீன் தானாக முட்டையிடாதா என்று கேட்கலாம். இடும். ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் காட்டில் வெட்டிய மரங்களை எங்கள் ஏரி வழியாகத்தான் மிதக்கவிட்டு ஆற்றுக்குக் கொண்டுபோகிறார்கள். மரம் போய்விடும், உரிந்த பட்டை அடியில் தங்கிவிடும். சீகா முட்டையிடுகிற சரளைமேல் முழங்கால் ஆழத்துக்குப் பட்டைச் சேறு. அதில் விழுந்த முட்டை மூச்சுமுட்டிச் சாகிறது. வலையில் வருவதெல்லாம் கிழட்டு மீன். இளசைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. அந்த மரத்தை வெட்டிய கூலியில்தான் எங்கள் வீடுகளுக்கு மாவு வருகிறது. ஆகவே யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

சைமி கல்யாணத்துக்கு முன்னால் வேறொரு ஏரிக்கரைப் பண்ணையில் வேலை செய்தவள். இந்தக் குடுவை வேலையை அங்கே பார்த்திருக்கிறாள். போன இலையுதிர்காலத்தில் கரையில் நின்றுகொண்டு, திரும்பிவந்த ஒவ்வொரு படகிடமும் கேட்டாள்: சினையைத் தின்னாதீர்கள், எனக்குக் கொடுங்கள். சீகாச் சினையும் நறுக்கிய வெங்காயமும் ரை ரொட்டியும் வருஷத்தில் அந்தச் சில நாட்களுக்குத்தான். அதைக் கொடு என்று கேட்பது வாயிலிருந்து பிடுங்குவது மாதிரி. ஏரிப் பங்குதாரர்களுக்குத் தலைவரான ஹெர்மன்னி வெகுநேரம் மூக்கைச் சொறிந்தார்.

"சரி, குடுக்கிறோம். ஆனா ஒரே ஒரு தடவைதான் சைமி. குஞ்சு ஏரிக்குப் போய்ச் சேரலேன்னு வையி, அப்புறம் எந்தப் படகுகிட்டயும் நீ கையேந்தக்கூடாது. சினையை நாங்க தின்னுட்டு, மீனு தீர்றவரைக்கும் தீரட்டும்னு விட்டுருவோம்."

"போய்ச் சேரும்" என்றாள் சைமி. அவ்வளவுதான் பேச்சு.

அவள் புருஷன் தாவெத்திக்கு இது எதுவும் தெரியாது. சினைக்காலத்துக்கு முன்பே மரம் வெட்டும் முகாமுக்குப் போய்விட்டான். குளிர்காலத்தின் நடுவில் மரவண்டிக் குதிரைக்காரன் ஒருவன், "உன் பொண்டாட்டி சவுனாவுல கண்ணாடிச் சீசாவா அடுக்கி வச்சிருக்காளாமே, சாக்கு போட்டு மூடி" என்று சொல்லியிருக்கிறான். அது சாராயத் தடை இருந்த காலம். தாவெத்தி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நல்ல பெண்டாட்டி கிடைத்தாள் என்று நினைத்துக்கொண்டே மிச்சக் குளிர்காலத்தை ஓட்டிவிட்டான்.

முகாம் கலைந்த அன்று அவன் பனிச்சறுக்குக் கட்டைமேல் ஏரியைக் கடந்து வந்தான். உடம்பு முழுக்கச் சீலைப்பேன். முகாமிலிருந்து வருகிறவன் முதலில் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. தன் சவுனாவை மூட்டி, துணியைப் புகையில் தொங்கவிட்டு, தோல் சிவக்கக் குளித்துவிட்டுத்தான் வாசற்படி ஏறவேண்டும். அதில் எங்கள் ஊரில் யாரும் தவறுவதில்லை. தாவெத்தியும் தவறவில்லை. வீட்டுக் கதவைத் தட்டக்கூட இல்லாமல் நேராக ஓடைப் பக்கம் இறங்கினான். சவுனா மாதக்கணக்கில் நெருப்பே காணாததுபோல ஈரமாக மணத்தது. பாவம், ஆள் இல்லாமல் வாடிவிட்டது என்று நினைத்தான். தடுப்புக்குப் பின்னால் சாக்கு மூடிய வரிசை தெரிந்தது. அவன் தொடவில்லை. மனைவி ஆசையாகச் சேர்த்து வைத்ததை அவள் கையால் ஊற்றித் தரும்முன் திறந்து பார்க்கிற ஆள் இல்லை அவன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஓடை என்று நினைத்தான். அடுப்பில் பிர்ச் கட்டைகளை அடுக்கி மூட்டிவிட்டு, துணியைக் கழற்றிக் கம்பில் மாட்டிவிட்டு, வெளியே படியில் வெயிலில் உட்கார்ந்தான். குளிர்காலம் முழுக்கக் கோடரி பிடித்த உடம்பு. வெயில் பட்டதும் கண் செருகிவிட்டது.

அதே நேரத்தில் சைமி ஏரியின் அந்தக் கோடியில், நாணல் குடாவில் நின்றுகொண்டிருந்தாள். பனிப்பாளத்தில் துளை போட்டு, தண்ணீரை மொண்டு வெள்ளைத் துணியில் வடிகட்டி, நீர்த்தெள்ளு ஏதாவது துள்ளுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சீகாக் குஞ்சுக்கு முதல் சாப்பாடு அதுதான். குடா ஆழமில்லாதது, அடிமண் கறுப்பு. ஏரியில் முதலில் வெதுவெதுக்கிற இடம். துணியில் ஒன்றுமில்லை. பாளம் இன்னும் கை நீளத்துக்குக் கனமாக இருந்தது.

அவள் நிமிர்ந்தபோது ஊருக்கு மேலே ஒரு புகை நின்றிருந்தது. காற்றே இல்லை. வெள்ளை ஏரியிலிருந்து வெள்ளை வானத்துக்கு யாரோ கட்டி வைத்த நீலக் கயிறுபோல அது அசையாமல் நின்றது. அழகாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தாளாம். யாரோ வீடு திரும்பியிருக்கிறார்கள் என்று நினைத்தாளாம். கயிற்றின் அடிமுனை எங்கே இருக்கிறது என்று கண்ணால் இறங்கிப் பார்த்த பிறகுதான் ஓடினாள். வெயிலில் நெகிழ்ந்த பனி முழங்கால்வரை இழுத்தது. கனவில் ஓடுகிற மாதிரி, கால் போகிறது, கரை வரவில்லை. நாங்கள் எல்லோரும் அந்தப் புகையைப் பார்த்தோம். "தாவெத்தி வந்துட்டான்" என்று சந்தோஷப்பட்டோம்.

"யோவ்! அணை! அணைய்யா அதை!"

தாவெத்தி கண்ணைத் திறந்தான். உடம்பில் தொப்பி மட்டும்தான் இருந்தது.

"வந்ததும் வராததுமா இதானா? நல்லாருக்கியான்னு ஒரு வார்த்தை உண்டா?"

"நெருப்ப அணைடா பாவி!"

"உன் சீசாவத் தொடல சைமி. சத்தியமா தொடல. சாக்குமேல சுண்டுவிரல்கூட வைக்கல."

அவள் அவனைத் தாண்டி உள்ளே பாய்ந்தாள். எரிகிற கட்டைகளை வெறுங்கையால் உருவி வெளியே பனியில் எறிந்தாள். புஸ் புஸ் என்று அவை தாவெத்தியின் காலடியில் அவிந்தன.

"என்னது, வெடிச்சிருமா?" என்று அவனும் பயந்துபோய் வாளியைத் தூக்கினான். புகை அடங்கியதும் அவள் சாக்கை உருவினாள். தாவெத்தி ஆவலாகக் குனிந்தான்.

"சரக்கு எங்கடி?" என்றான். பிறகு அவன் குரல் இறங்கிவிட்டது. "சைமி… என்னவோ பாக்குது. என்னையே பாக்குது."

தொட்டியில் பனி கரைந்திருந்தது. குடுவைகளுக்குள் முட்டைகள் உடைந்துகொண்டிருந்தன. சத்தம் எதுவும் இல்லை. மஞ்சள் மணி ஒன்று நடுங்கும். அதிலிருந்து ஒரு கண்ணாடி இழை நழுவும். இழைக்கு முன்னால் இரண்டு கண், வயிற்றடியில் ஒரு தேன் துளி. அவ்வளவுதான் மீன். மற்றதெல்லாம் தண்ணீர். ஒன்று, பத்து, பிறகு குடுவையே நெளிந்தது. வெளிச்சம் நெளிவதா, தண்ணீர் நெளிவதா என்று தெரியவில்லை. விளிம்பில் வழிந்து நீளத் தொட்டிக்குள் அவை இறங்கிக்கொண்டே இருந்தன. சைமி வெளியே ஓடிப் பனி அள்ளி வந்து போட்டாள். தாவெத்தியும் அள்ளினான். தூக்கம் கலைந்தவை கலைந்ததுதான். பொழுது சாய்வதற்குள் குடுவைகளில் தோல் மட்டும் மிதந்தது.

அன்று மாலை சவுனா வாசலில் கூடினோம். எங்கள் வசந்தத்து மாலை இருட்டாது. பால் ஊற்றிய மாதிரி வெளிச்சம் அப்படியே நிற்கும். ஹெர்மன்னி வந்தார். தாவெத்தியின் அக்கா ரவுஹா வந்தாள். தாவெத்தி மட்டும் பேனோடு எல்லோரிடமிருந்தும் தள்ளி, ஒரு சாக்கைச் சுற்றிக்கொண்டு விறகுக் குவியல் பக்கம் நின்றான்.

"ஓடை வாய்தான் தெறந்து கெடக்குதே" என்றார் ஹெர்மன்னி. "அங்க கொட்டிரு."

"அங்க ஹவுகி மீனுங்க வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது அண்ணே. அதுங்களுக்கு ஊட்டுறதுக்கா சினை குடுத்தீங்க? நீங்களே தின்னிருந்தா உங்க வயிறாவது நெறஞ்சிருக்கும்."

"அப்ப இதுலயே வச்சுரு, பாளம் போறவரைக்கும்."

சைமி ஒரு கரண்டியில் குஞ்சுகளை மொண்டு அவரிடம் காட்டினாள். வயிற்றடியில் இருக்கிற தேன் துளி முட்டையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் கரு. கட்டுச்சோறு. அது இருக்கும்வரை பசி தெரியாது. தீர்வதற்குள் முதல் தெள்ளைப் பிடித்துத் தின்னப் பழகிவிட வேண்டும். பழகாமல் தீர்ந்துவிட்டால் அதன்பின் வாய்க்கு முன்னால் விருந்தே நீந்தினாலும் தின்னத் தெம்பிருக்காது. மிதந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போகும்.

"தெள்ளு நாணல் குடாவுலதான் மொதல்ல வரும்" என்றாள். "குடா தெறக்கணும். வெயில் தண்ணிக்குள்ள எறங்கணும். இன்னும் ரொம்ப நாள் இருக்கு."

"தெள்ளுதானே வேணும்?" என்றாள் ரவுஹா. "அந்தா நிக்கிறானே, அவன் சட்டைய உதறு. ஏரிக்கே காணும்."

எல்லோரும் சிரித்தார்கள், சைமி தவிர. விறகுக் குவியல் பக்கமிருந்து தாவெத்தி மெல்லச் சொன்னான்:

"சாம்பல் போடலாம்."

"உன் தலையில போடு" என்றாள் அக்கா.

"இல்லக்கா. முகாம்ல வண்டிப்பாதையில சாம்பல் சிந்துன எடமெல்லாம் மொதல்ல கரைஞ்சுது. குடா மேல போட்டா வெயில் புடிச்சுக்கும். எல்லா வீட்லயும் குளிர்காலச் சாம்பல் கெடக்குதே."

ஹெர்மன்னி மூக்கைச் சொறிவதை நிறுத்தினார். ஆனால் சைமி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"பச்சச் சாம்பல் தண்ணியில விழுந்தா காரம். துணி தொவைக்கையில நம்ம கைத்தோலே உரியுது. இதுங்களுக்குத் தோலுன்னு ஒண்ணு இருக்கான்னே தெரியல."

தொட்டி வழிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"காரத்த வடிச்சுட்டுப் போடுங்களேன்" என்றாள் ரவுஹா, இது என்ன பெரிய விஷயம் என்பதுபோல. "தொவைக்கிறதுக்குச் சாம்பலக் காய்ச்சி வடிக்கிறோம்ல? மிச்சச் சக்கையக் குழியிலதான கொட்டுறோம். அத நாக்குல வச்சாக்கூட உறைக்காது."

"அக்கா, தொவைக்கிறது ஏரி தெறந்த பெறகுதானே. எந்த வீட்லயும் இன்னும் காய்ச்சலயே" என்றாள் சைமி.

"அப்ப இந்த வருஷம் முன்னாடியே காய்ச்சுவோம். காரத்தப் பீப்பாயில ஊத்தி மூடி வச்சாக் கெட்டா போயிரும்?"

மறுநாள் காலையில் எல்லா வீட்டு முற்றத்திலும் கொப்பரை ஏறியது. ஏரி மூடிக் கிடக்கையிலேயே சலவைக் காரம் கொதித்தது. ஊர் முழுக்க ஆவி. அடுத்த வீட்டுக் கூரை தெரியவில்லை. ஆவிக்குள்ளிருந்து குரல்கள் மட்டும் வந்தன, இது யார் வீட்டுக் கொப்பரை, சக்கை எங்கே, கூடை எங்கே என்று. காலண்டரில் இல்லாத ஒரு மாதத்துக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. திரும்பத் திரும்ப அலசி, நாக்கில் வைத்துப் பார்த்து, உறைக்காத சக்கையைப் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றி நாணல் குடாவுக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

தாவெத்தி அங்கேயே தங்கிவிட்டான். சைமி வீட்டுக்குள் விடமாட்டாள், அவன் சவுனா குஞ்சுகளுக்குக் குளிராக வேண்டும், பேனோடு அடுத்தவன் சவுனாவுக்குப் போக முடியாது. கரையில் ஒரு வைக்கோல் கொட்டகையில் படுத்துக்கொண்டான். பகலெல்லாம் வேரால் பின்னிய கூடையை இடுப்பில் வைத்து, விதை தூவுகிற மாதிரி சாம்பலை வீசிக்கொண்டு குடாவில் குறுக்கும் நெடுக்கும் போனான். வெள்ளையாக இருந்த குடா சாம்பல் நிறமாகி, கறுத்தது. மதிய வெயிலில் ஒவ்வொரு துகளும் தனக்கென்று ஒரு குழி செய்துகொண்டு இறங்கியது. குனிந்து பார்த்தால் பாளம் முழுக்கக் கரும்புள்ளிகள். முட்டைக்குள் கண் வந்தது மாதிரி, ஏரிக்கும் வந்துவிட்டது.

பிறகு பனி பெய்தது.

எங்கள் பக்கம் குளிர்காலம் போகிற வழியில் எதையோ மறந்துவிட்டதுபோல ஒருமுறை திரும்பி வரும். பெரிய பெரிய திவலைகளாக, அவசரமே இல்லாமல், இறங்கியது. அத்தனை சாம்பலையும் அது மூடியது. சைமி சவுனா வாசலில் நின்று உள்ளங்கையை நீட்டினாள். அவளுக்கு அது வேண்டியும் இருந்தது, வேண்டாமலும் இருந்தது. புதுப் பனியை அள்ளித் தொட்டியில் கொட்டினால் குஞ்சுகள் மந்தித்துவிடும், கட்டுச்சோறு கரைவது தள்ளிப்போகும். அவள் அள்ளினாள். ஏரியின் அந்தக் கோடியில் அதே பனியை அவள் புருஷன் கூட்டித் தள்ளினான்.

விளக்குமாறு ஒன்றுதான் இருந்தது. அதுவும் உடனே தேய்ந்துவிட்டது. ரவுஹாதான் முதலில் தன் வீட்டுப் பிர்ச் கொத்துகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். சவுனாவில் உடம்பை அடித்துக்கொள்வதற்கென்று, போன கோடையில் கட்டிக் காயவைத்த கொத்துகள். பிறகு எல்லா வீட்டிலிருந்தும் வந்தன. தாவெத்தி அவற்றால் பாளத்தைக் கூட்டினான். ஈரம் பட்டதும் காய்ந்த இலை உயிர்வந்து மணத்தது. பனி பொழிகிற வெள்ளைக்கு நடுவில் கோடைக்கால வாசனை. நான் ஒருநாள் உதவிக்குப் போனவன், கண்ணை மூடிக்கொண்டு சும்மா நின்றுவிட்டேன். அவன் என்னைத் திட்டவில்லை. கூட்டிக்கொண்டே இருந்தான்.

மதியத்தில் சைமி சாப்பாடு கொண்டுவந்தாள். ரொட்டியையும் காப்பிக் கெண்டியையும் ஒரு கல்மேல் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள்.

"கிட்ட வராத. நான் தள்ளிப் போறேன், அப்புறம் எடு."

"கரடிக்கு வைக்கிற மாதிரி வைக்கிற."

"கரடிக்குப் பேன் கம்மி."

அவன் ரொட்டியைக் கடித்தான். "எவ்வளவு மிச்சம் அதுங்களுக்கு?"

"பாதி இருக்கும். சிலதுக்கு அதுவும் இல்ல. தொட்டியடியில வெள்ளையா கெடக்குது கொஞ்சம்."

"எல்லாம் பொழச்சாலும் கடைசியில எத்தன பெரிசாகும்?"

"ரொம்பக் கொஞ்சம். பெரிய மீனு திங்கும், குளிர் கொல்லும். ஒரு குடுவைக்கு ஒரு வலை மீனு தேறுனா அதிகம்."

"அதுக்கா இவ்வளவு?"

"அந்த ஒரு வலைகூட இப்ப இல்லியே."

அவன் காப்பியை ஊதிக்கொண்டே பாளத்தைப் பார்த்தான். அதன்மேல் மறுபடியும் வெள்ளை படியத் தொடங்கியிருந்தது.

"இது போச்சுன்னா ஹெர்மன்னி இனிமே சினை குடுக்கமாட்டாருல்ல?"

"மாட்டாரு."

"என்னாலதான்."

"ஆமா, உன்னாலதான்." அவள் காலிக் கெண்டிக்காகக் காத்து நின்றாள். "இல்லேன்னு சொல்லுவேன்னு பாத்தியா?"

"பாத்தேன்" என்றான் அவன். கெண்டியைக் கல்மேல் வைத்துவிட்டுக் கொத்தை எடுத்துக்கொண்டு போனான்.

பனி நின்றது. பிறகு வந்த வெயில் சும்மா வந்த வெயில் இல்லை. கணக்குத் தீர்க்க வந்ததுபோல இருந்தது. குடாவில் பாளம் ஊசி ஊசியாகப் பிரிந்தது. ஓரத்தில் கால் வைத்தால் கண்ணாடி மணிகளைக் கொட்டிய மாதிரி கிலுகிலுவென்று ஒலித்தபடி சரிந்தது. ஏரி முழுக்க வெள்ளையாகத் தூங்க, நாணல் குடா மட்டும் கண்ணைத் திறந்தது. முதலில் ஒரு கொட்டகை அளவு. பிறகு ஒரு வயல் அளவு. கறுப்புத் தண்ணீர், அதில் மேகம்.

தெள்ளு வரவில்லை. சைமி தினமும் துணியை நனைத்துப் பார்த்தாள். சவுனாவில் குஞ்சுகளின் தேன் துளி கடுகாகி, கடுகு புள்ளியாகிக்கொண்டிருந்தது. தலை பெரிசாகவும் உடம்பு நூலாகவும் தெரிந்தது. அவள் முகமும் அப்படித்தான் ஆகிவிட்டது. கண் மட்டும்தான் மிச்சம். நின்றுகொண்டே தூங்கினாள், மண்வெட்டி கையிலிருக்க, பனி பாதி கொட்டியபடி.

ஒருநாள் முற்பகலில் வெள்ளைத் துணியில் ஏதோ துள்ளியது. ஊசி குத்திய அளவு. இளஞ்சிவப்பு. இன்னொன்று. அவள் துணியைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கரையைப் பார்த்துக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று யாருக்கும் புரியவில்லை. எல்லோரும் பால்கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

சவுனாவில் குஞ்சுகளை மொண்டு நிரப்பிய கேன்களைப் பனிவண்டியில் வைத்துக் குழந்தை இருக்கிற தொட்டிலைக் கொண்டுபோவது மாதிரி இழுத்துப் போனோம். தாவெத்தி மரக்கட்டைகளை மிதக்கவிடுகிற நீளக் கொக்கிக் கம்பால் உடைந்த பாளங்களைத் தள்ளி வழி செய்தான். இடுப்புவரை தண்ணீரில் நின்றான். சைமி கேனைச் சாய்த்தாள். எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. தண்ணீர் தண்ணீரில் விழுந்தது; அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், மேல்மட்டத்தில் வெயில் பட்ட இடமெல்லாம் ஜோடி ஜோடியாகக் கரும்புள்ளி. ஏரி எங்களைப் பார்த்தது.

ஹெர்மன்னி கடைசியில் வந்தார். "சரி, கொட்டியாச்சு. தின்னுதா? அத எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

சைமி ஒரு கண்ணாடிக் குவளையில் குடாத் தண்ணீரோடு சில குஞ்சுகளை மொண்டு வைத்திருந்தாள். அதை ஒரு கட்டைமேல் வெயிலில் வைத்தாள். நாங்கள் சுற்றிக் குனிந்தோம். தெள்ளு ஒன்று துள்ளிப் போனது. ஒரு குஞ்சு அதைப் பார்த்தது. உடம்பைப் பாம்புபோல வளைத்தது. நின்றது. பாய்ந்தது. தெள்ளு வேறெங்கோ இருந்தது.

"தவறிடுச்சு" என்றார் ஹெர்மன்னி.

மறுபடியும் வளைந்தது. மறுபடியும் தவறியது. இன்னொரு குஞ்சு முயலவே இல்லை. தலை கீழாகத் தொங்கி, மெதுவாக இறங்கி, அடியில் படுத்துக்கொண்டது. தண்ணீரிலிருந்து ஏறிவந்த தாவெத்தி, பல் கிடுகிடுக்க, எல்லோருக்கும் பின்னால் தள்ளி நின்று, "என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். முதல் குஞ்சு மூன்றாம் தடவையாக வளைந்தது. இந்த முறை பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து இமைத்துவிட்டேன்.

"வயித்தப் பாருங்க" என்றாள் சைமி.

ஹெர்மன்னி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குவளையில் மூக்கு இடிக்கக் குனிந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"கண்ணுக்குப் பின்னால. கட்டுச்சோறு இருந்த எடத்துக்கு மேல."

"…செவப்பா ஒரு புள்ளி."

"அதான்."

கண்ணாடி உடம்புக்குள் அந்தப் புள்ளி, மூடிய வீட்டுக்குள் ஏற்றிய விளக்குபோலத் தெரிந்தது. குஞ்சு அதைச் சுமந்துகொண்டு குவளையின் ஓரமாகப் போனது. இன்னொன்று வளைந்து நின்றது. அதன் வயிற்றிலும் ஒரு விளக்கு இருந்தது, எப்போது ஏற்றியதோ.

ஹெர்மன்னி நிமிர்ந்து மூக்கைச் சொறிந்தார். "வர்ற இலையுதிர்காலத்துல" என்றார், யாரையும் பார்க்காமல், "கரையில நிக்கையில மொதல்ல என் படகுக்கு வா. அடுத்த படகுக்குப் போயிட்டு வந்தேன்னா குடுக்கமாட்டேன்."

சைமி குவளையைக் குடாவில் கவிழ்த்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு புருஷன் நின்ற இடத்துக்குப் போனாள். இந்த முறை தள்ளி நிற்கவில்லை.

"குடுவையெல்லாம் காலி" என்றாள். "போ. போய் மூட்டு."

"நெசமாவா?"

"உன்மேல இருக்கிறதும் தெள்ளுன்னு நெனச்சு மீனு கரைக்கு ஏறி வந்துரப்போகுது. போய்யா."

அவன் நனைந்த சாக்கை இறுக்கிக்கொண்டு, சறுக்குக் கட்டைகளைக்கூட மாட்டாமல், வெள்ளை ஏரியின் குறுக்கே நடந்தான். அவன் சின்னப் புள்ளியாகி மறையும்வரை சைமி நின்றாள். பிறகு கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். நாங்கள் காலிக் கேன்களை ஏற்றும்போதே அவள் தூங்கிவிட்டாள். எழுப்பவில்லை. கண் விழித்தபோது ஊருக்கு மேலே நீலப் புகை நேராக நின்றிருந்தது. அதை முழுசாக, மேலிருந்து கீழ்வரை, பார்த்துவிட்டு எழுந்தாள். ஓடவில்லை. சாம்பல் புள்ளிகள் இறங்கிய பாளத்தின் ஓரமாக, மெதுவாகவே நடந்து வந்தாள்.